எப்படிப் பேசக் கூடாது

கொன்றையாறு நகராட்சிக் கூட்டத்தில் கடைசியாக நாற்காலி பறந்தது 2036-ஆம் ஆண்டு மார்ச் மாதம். பறந்த நாற்காலி பதினோராவது வார்டு உறுப்பினரின் முழங்கையில் பட்டது. அவர் கட்டுப் போட்ட கையோடு தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். அந்தப் பேட்டியிலும் இன்னொருவரை அடிக்கப் பாய்ந்தார். மாநிலமே சிரித்தது. ஆனால் சிரித்த ஊர்களிலும் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அரசு உத்தரவு போட்டுவிட்டது: எல்லா மன்றங்களிலும் மைக்குக்கு அடியில் நிதானி பொருத்த வேண்டும்.

நிதானி ஒரு சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்பதில் அதற்குப் பெரிய அக்கறை கிடையாது, எப்படிச் சொல்கிறார் என்பதை மட்டும் கேட்கும். தொனி ஒழுங்காக இருந்தால் பச்சை விளக்கு. கொஞ்சம் ஏறினால் மஞ்சள். சண்டை, வசை என்று அதற்குத் தோன்றிவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் மைக் அணைந்துவிடும், அதுவரை பேசியதும் பதிவேட்டிலிருந்து அழிந்துவிடும். கூட்டம் முடிந்ததும் மிச்சப் பேச்சுகளை அவசரம், கோரிக்கை, தகவல் என்று மூன்றாகப் பிரித்து அதிகாரிகளுக்கு அனுப்பும். அதையும் தொனியை வைத்துத்தான் பிரிக்கும். ஏனென்றால் அவசரம் என்ற சொல்லை நம் ஆட்கள் எதற்குத்தான் பயன்படுத்துவதில்லை? அவசரம் என்று வந்ததை ஆணையர் அன்றைக்கே படிப்பார். மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும்.

அந்தக் கருவிக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தவள் சாருலதா. முப்பத்தெட்டு வயது, கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. இயந்திரத்துக்குத் தானாக எதுவும் தெரியாது. இது பேச்சு, இது சண்டை என்று ஆயிரக்கணக்கான ஒலித்துண்டுகளைக் கேட்டு மனிதர்கள்தான் குறித்துக் கொடுக்க வேண்டும். ஆண்களின் உரத்த குரலுக்குப் பஞ்சமே இல்லை. அரசியல் பொதுக்கூட்டப் பதிவுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பெண்கள் மேடையில் குரல் உயர்த்திப் பேசிய பதிவுகளைத் தேடினால் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. வேலையை முடிக்க ஒரு மாதம்தான் இருந்தது. சாருலதா இணையத்திலிருந்து குழாயடிச் சண்டைகளையும் ரேஷன் கடைத் தகராறுகளையும் சீரியல் மாமியார்களையும் வாரிக் கொண்டுவந்து கணக்கை நிரப்பினாள்.

ஆண் உரக்கப் பேசிய துண்டுகளில் பின்னால் கைதட்டல் கேட்டது. பெண் உரக்கப் பேசிய துண்டுகளில் பின்னால் குடம் உருண்டது. நிதானி சமர்த்தாக அதைப் படித்துக்கொண்டது.

நீயும் ஒரு பெண்தானே, உனக்கு உறுத்தவில்லையா என்று கேட்டால், உறுத்தியது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் உறுத்தியது. அப்புறம் அடுத்த வேலை வந்துவிட்டது.

கருவி பொருத்திய இரண்டாவது கூட்டத்துக்கு அவளே கொன்றையாற்றுக்குப் போய்ப் பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் ஒன்பதாவது வார்டு அஞ்சலாட்சியை முதல் தடவையாகப் பார்த்தாள். அஞ்சலாட்சி பத்தொன்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தேர்தலில் நின்றவள். பின் படிக்கட்டில் தொங்குகிறவனை முன் கதவிலிருந்தே இறங்க வைக்கிற குரல். அவள் வார்டில் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் மதகுத் தெரு ஜனங்கள் அந்தக் குரலுக்காகவே ஓட்டுப் போட்டார்கள்.

"சாக்கடை அடைச்சு மூணு வாரம் ஆச்சுங்க! புள்ளைங்கல்லாம் வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரியில கெடக்குது! நீங்க இங்க உக்காந்து—"

சிவப்பு. மைக் செத்துவிட்டது.

அவளுக்கு அடுத்துப் பேசிய பதினோராவது வார்டு உறுப்பினர் மேஜையைக் குத்தினார். "என் வார்டுக்குள்ள எவனாவது காலை வெச்சான், அந்தக் காலை எடுத்துடுவேன்!" என்று முழங்கினார். நிதானி கொஞ்சம் மஞ்சளாகிவிட்டுப் பச்சைக்குத் திரும்பியது.

அன்று அஞ்சலாட்சியின் மைக் மூன்று தடவை அணைந்தது. கூட்டம் முடிந்ததும் அவள் நேராகச் சாருலதாவிடம் வந்தாள்.

"ஏம்மா, இந்தப் பொட்டிக்கு என்னைப் பாத்தா மட்டும் ஆவ மாட்டேங்குதே, ஏன்?"

"செக் பண்றேங்க்கா" என்றாள் சாருலதா. காரணம் அவளுக்கு அந்த நிமிடமே தெரியும்.

மேலாளர் ரகோத்தமனைத் தொலைபேசியில் பிடித்தாள். "சார், பொம்பளைங்க கொஞ்சம் சத்தமாப் பேசினாலே சண்டைன்னு எடுத்துக்குது. நாம குடுத்த சாம்பிள்தான் சார் தப்பு. நான்தான் குடுத்தேன். மறுபடி முதல்லேர்ந்து கத்துக் குடுக்கணும்."

"எவ்ளோ நாளாகும்?"

"ஆறு மாசம்."

"ஜனவரியில சட்டமன்ற டெண்டர் வருது. இப்பப் போயி மிஷின்ல தப்புன்னு சொன்னா நம்ம கதை முடிஞ்சுது." பிறகு அவரே வழியும் சொன்னார். "மிஷினை மாத்த ஆறு மாசம் ஆகும்னா மனுஷங்களை மாத்துவோம். லேடி மெம்பர்ஸுக்கு ரெண்டு நாள் பயிற்சி வெச்சுடு சாரு. நீயே நடத்து. நீ பேசினா எப்பவும் பச்சைதானே எரியுது!"

அதைப் பாராட்டு என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குக் கூசுகிறது.

பயிற்சியில் அவள் சொல்லிக்கொடுத்தது எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். மூச்சை முழுக்க விட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். 'நீங்க' என்று ஆரம்பிக்காமல் 'நாம' என்று ஆரம்பிக்க வேண்டும். வாக்கியத்தின் கடைசியில் குரலை இறக்க வேண்டும். எவ்வளவு கோபம் வந்தாலும் பல் தெரிகிற அளவுக்கு முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

"இதெல்லாம் எங்க பஸ்ல செல்லாது தாயி. 'நாம கொஞ்சம் எறங்கலாமா'ன்னு கேட்டா ஒருத்தனும் எறங்க மாட்டான்" என்று அஞ்சலாட்சி சிரித்தாள். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் விளையாட்டு கிடையாது அவளுக்கு. பஸ்ஸில் எல்லா நிறுத்தத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் இதையும் அப்படியே மனப்பாடம் செய்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசினாள். மகனை அதட்டும்போதுகூடக் குரலை இறக்கிப் பழகினாள். நான்காவது கூட்டத்தில் முழுக்க முழுக்கப் பச்சை. சாக்கடை பத்தே நாளில் சுத்தமானது. தலைவர் தணிகாசலம் எல்லோர் முன்னாலும், "இப்பத்தாம்மா பொம்பளை மாதிரி பேசறீங்க" என்றார். அஞ்சலாட்சி சாருலதாவுக்குப் போன் செய்து நன்றி சொன்னாள். சாருலதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பயிற்சி நடத்தினாள்.

அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி கூட்டத்தில் அஞ்சலாட்சி பேசியது இதுதான்:

"பெரிய ஏரிக் கரையில, ரெண்டாவது மதகுக்குப் பக்கத்துல கசிவு இருக்குதுங்க. தெளிஞ்ச தண்ணியா வந்தா பரவாயில்ல. கலங்கலா வருது. உள்ள மண்ணை அரிச்சுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். நாம கொஞ்சம் சீக்கிரமாப் பாத்தோம்னா நல்லாருக்கும்."

நாற்பது விநாடி. ஒரு இடத்தில்கூட மஞ்சள் இல்லை. "குறிச்சுக்கிட்டோம்மா" என்றார் தணிகாசலம். அதே கூட்டத்தில் பதினோராவது வார்டு உறுப்பினர், சமுதாயக்கூடத்துக் கல்வெட்டில் தன் பெயரை மூன்றாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். கல்வெட்டு அவசரத்தில் போயிற்று. ஏரி தகவலில் போயிற்று, நாற்பத்தோராவது எண்ணாக. அஞ்சலாட்சி இரண்டு தடவை அலுவலகத்துக்கும் போய்க் கேட்டாள், அதே இறங்கிய குரலில். லிஸ்டில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் கரை உடைந்தது. மதகுத் தெருவில் ஏழு பேர் செத்தார்கள். அதில் மூன்று பேர் சீருடையில் இருந்தார்கள்.

நிவாரண முகாமில் ஒரு தாய் அஞ்சலாட்சியின் புடவையைப் பிடித்து உலுக்கினாள். "கத்தறதுக்குத்தானே உன்னை அனுப்பினோம்! ஊருக்கெல்லாம் கத்துவியே, எங்க உசுருக்கு ஒரு தடவ கத்தக் கூடாதா?" மறுநாள் செய்தியில் அதைப் போட்டிருந்தார்கள். அந்தச் செய்தியைச் சாருலதா கோவையில் தன் மேஜையில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

டிசம்பரில் விசாரணை. ஓய்வுபெற்ற நீதிபதி பிலவேந்திரன் கோட்டாட்சியர் அலுவலகக் கூடத்தில் உட்கார்ந்து விசாரித்தார். கூடத்தில் பாதிக்கு மேல் மதகுத் தெரு ஜனங்கள். சாட்சி மேஜையிலும் ஒரு நிதானி இருந்தது, அரசு உத்தரவு விசாரணை மன்றத்துக்கும் பொருந்தும் அல்லவா? நகராட்சித் தரப்பு வழக்கறிஞரின் வாதம் எளிமையானது. ஆபத்து தெரிந்தும் உறுப்பினர் அதை அவசரமாகத் தெரிவிக்கவில்லை, ஆகவே கடமை தவறியவர் அவர்தான். அப்படி முடிவானால் அஞ்சலாட்சியின் பதவி போகும், ஏழு உயிருக்கும் அவள் மேல் வழக்கு வரும்.

சாருலதா தொழில்நுட்ப சாட்சி. காலையில் ரகோத்தமன் போனில் சொல்லியிருந்தார்: "மிஷின் ஒப்பந்தப்படி வேலை செஞ்சுதான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு வந்துடு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

கேட்டார்கள். "ஆமாம்" என்றாள். பச்சை எரிந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

தணிகாசலம் சாட்சி சொன்னார். "அந்தம்மா சிரிச்ச முகமாச் சொன்னாங்க ஐயா. ஏரி உடையப் போவுதுன்னா யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? அவசரம்னு தெரிஞ்சிருந்தா நாங்க எழுந்து ஓடியிருக்க மாட்டோமா?"

அடுத்து அஞ்சலாட்சி எழுந்தாள். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"எனக்கு முன்னாடியெல்லாம் சத்தமாத்தான் பேச வரும்ங்க ஐயா. பேசினா மைக் நின்னுடும். அதனால மெதுவாப் பேசப் பயிற்சி குடுத்தாங்க."

"யார் குடுத்தது?" என்று பிலவேந்திரன் கேட்டார்.

அஞ்சலாட்சி திரும்பிச் சாருலதாவை ஒரு கணம் பார்த்தாள். "யாரோ ஒரு மேடம் வந்தாங்க ஐயா. நல்லவங்கதான். பேரு ஞாபகம் இல்ல."

சாருலதா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்திலேயே எழுந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

"சரி. அந்தப் பழைய குரல்ல ஏரி விஷயத்தை இப்பச் சொல்லுங்க. நிதானி என்ன பண்ணுதுன்னு நானே பார்த்துடறேன்" என்றார் பிலவேந்திரன். "பயப்படாதீங்கம்மா. நல்லாச் சத்தமாவே சொல்லுங்க."

அஞ்சலாட்சி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தாள்.

"பெரிய ஏரிக் கரையில... கசிவு இருக்குதுங்க. கலங்கலா வருது..."

கடைசிச் சொல்லில் குரல் தானாக இறங்கிவிட்டது. பச்சை. இன்னொரு தடவை முயன்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, சத்தம் வரவில்லை. அதற்கும் பச்சைதான். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, "மன்னிச்சிடுங்க ஐயா, வரல" என்றாள். வீட்டிலும் இப்படித்தான் ஆகிவிட்டது என்றும், வாசலில் நாயை விரட்டக்கூட இப்போது முடிவதில்லை என்றும் சொன்னாள். அதையும் ஊர் நிலவரம் சொல்வது போலத்தான் சொன்னாள்.

வழக்கறிஞர் கைகளை விரித்தார். "அவங்க குரலே இவ்வளவுதாங்க ஐயா. பயிற்சி அது இதுன்னு கதை சொல்றாங்க."

"ஐயா!" சாருலதா எழுந்துவிட்டாள். "அது அவங்க குரல் இல்லைங்க ஐயா. நான் குடுத்தது. அந்த மேடம் நான்தான்."

கூடம் திரும்பிப் பார்த்தது. பிலவேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் முன்னாடி எல்லாம் சரியா வேலை செஞ்சதுன்னு சொன்னீங்களே?"

"ஒப்பந்தப்படி வேலை செஞ்சுதுங்க ஐயா. ஒப்பந்தமே தப்பு. பொம்பளை குரல் ஒசந்தா சண்டைன்னு அதுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். சத்தமாப் பேசினா அழிச்சுடும். மெதுவாப் பேசினா தகவல்னு போட்டுடும். ரெண்டுக்கும் நடுவுல அவங்களுக்கு இடமே இல்ல."

"பழைய பேச்சுதான் பதிவேட்டுலயே இல்லையே. நிரூபிக்க முடியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் முதலிலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மடிக்கணினியில் ஒரு கோப்பு இருந்தது. அஞ்சலாட்சியை முதல் தடவை பார்த்த கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் தனியாகப் பதிவு செய்தது. அதை வெளியே காட்டினால் வேலை போகும். அதுகூடப் பெரிதில்லை. அந்தக் கோப்புக்கு அவள் வைத்திருந்த பெயரை அஞ்சலாட்சி பார்ப்பாள்.

மடிக்கணினியைச் சுவரில் இருந்த திரையோடு இணைத்தாள். 'எப்படிப் பேசக் கூடாது' என்று பெரிதாக எழுத்து வந்தது. அழுத்தினாள்.

"சாக்கடை அடைச்சு மூணு வாரம் ஆச்சுங்க! புள்ளைங்கல்லாம் வாந்தி பேதின்னு ஆஸ்பத்திரியில கெடக்குது!"

கூடம் அதிர்ந்தது. பின்வரிசையில் ஒரு கிழவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சாட்சி மேஜையில் நிதானி சிவப்பாகி மைக்கை அணைத்தது. ஆனால் அந்தக் குரல் திரைக்குப் பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்ததால் அதை அணைக்க நிதானியால் முடியவில்லை. பிலவேந்திரன் சிவப்பு விளக்கையும் அஞ்சலாட்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து ரொம்ப நேரம் எழுதினார். பதிவை ஆதாரமாகக் குறித்துக்கொண்டதாகவும், சாருலதாவின் வாக்குமூலத்தை மதியம் இரண்டு மணிக்கு முழுவதுமாக எடுப்பதாகவும் சொல்லி எழுந்தார்.

வெளித் தாழ்வாரத்தில் அஞ்சலாட்சி அவளிடம் வந்தாள். சாருலதா கை கூப்பினாள். "என்னைத் திட்டுங்கக்கா. அடிச்சாலும் வாங்கிக்கறேன்."

"பரவாயில்ல மேடம். இப்பவாவது சொன்னீங்களே" என்றாள் அஞ்சலாட்சி, அதே மெத்தென்ற குரலில். பிறகு கேட்டாள். "அந்தக் கேசட்டை வெச்சுத்தான் மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமாக்கா."

"எத்தினி பேருக்கு?"

"நானூத்திப் பன்னண்டு பேருக்கு."

அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவங்கல்லாம் இப்ப எந்தெந்த ஊருல எதை எதை மெதுவாச் சொல்லிக்கிட்டு இருக்காங்களோ" என்று சொல்லிவிட்டு, மதகுத் தெருக்காரர்கள் நிற்கிற பக்கம் நடந்தாள்.

சாருலதா போனை எடுத்தாள். ரகோத்தமன் ஒன்பது தடவை கூப்பிட்டிருந்தார். அவரை விட்டுவிட்டு, பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியலைத் திறந்தாள். முதல் பெயர் செம்பியங்காடு பேரூராட்சி, ஆறாவது வார்டு, ரஹ்மத் பீவி. அலுவலகப் படிக்கட்டில் நின்றபடியே எண்ணை அழுத்தினாள்.

"மேடம்! நல்லாருக்கீங்களா? எம்பேரு ஞாபகம் இருக்கா?" ரஹ்மத் பீவியின் குரல் கண்ணாடித் தம்ளரில் பால் ஊற்றுவது போல இருந்தது. அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாள்.

"இருக்குங்க. உங்க ஊர்ல ஏதாவது... நீங்க கூட்டத்துல சொல்லி யாரும் கவனிக்காம இருக்கறது ஏதாவது உண்டா?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க மேடம். பள்ளிக்கூடத்துத் தண்ணித் தொட்டி இருக்குதுல்ல, அதோட தூண்ல ஒரு விரிசல். நாம கொஞ்சம் பாத்துக்கலாம்னு மூணு கூட்டமாச் சொல்லிட்டு வர்றேன். குறிச்சு வெச்சிருக்காங்க."

"எவ்ளோ பெரிய விரிசல்?"

"என் கை உள்ள போவுது மேடம்."

சாருலதா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டே முக்கால். "இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே?"

"இல்லீங்க மேடம். நான் இப்ப இங்கதான் நிக்கிறேன். புள்ளைங்க சாப்புடுதுங்க. தொட்டிக்கடியிலதான் நல்ல நிழல்."

"எழுப்புங்க! எல்லாரையும் எழுப்புங்க! ஓடச் சொல்லுங்க, ஓடச் சொல்லுங்கம்மா!" சாருலதா கத்தினாள். வாழ்நாளில் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. தெருவில் போன சைக்கிள்காரர் நின்று பார்த்தார். கூடத்து வாசலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

மறுமுனையில் ரஹ்மத் பீவி பணிவாக, கடைசிச் சொல்லில் குரலை அழகாக இறக்கிச் சொன்னாள்.

"மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். எதுக்கு இப்படிச் சண்டைக்கு வர்றீங்க?"